விவிடி கோளாறா? முதலில் ஆயிலைப் பாருங்கள்

செக் இன்ஜின் லைட் எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால் பி0011 என்ற பிழைக் குறியீடு, அதாவது ‘கோடு’ (code), வருகிறது. இன்டேக் கேம்ஷாஃப்ட் (காற்று உள்ளே வரும் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) இருக்க வேண்டிய கோணத்தைத் தாண்டி முன்னால் நிற்கிறது, அல்லது கம்ப்யூட்டர் சொன்னபடி நகரவில்லை என்று அதற்குப் பொருள். அடுத்து நடப்பது பல ஒர்க்‌ஷாப்புகளில் ஒரே மாதிரிதான். விவிடி சொலினாய்டை மாற்றுவார்கள். லைட் திரும்ப வரும். கேம் சென்சாரை மாற்றுவார்கள், அப்போதும் வரும். அப்புறம் ஃபேசர், டைமிங் செயின் என்று இன்ஜினின் முன்பக்கத்தையே பிரிக்க வேண்டும் என்பார்கள். இத்தனைக்கும் நடுவில் ஆயில் மட்டம் காட்டும் டிப் ஸ்டிக்கை யாராவது இழுத்துப் பார்த்தார்களா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

இந்த வரிசை தலைகீழானது. இன்று ஓடும் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றில் விவிடி, அதாவது வால்வு திறந்து மூடும் நேரத்தை ஓட்டத்திலேயே மாற்றும் ஏற்பாடு, ஆயிலின் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. மின்சாரம் கட்டளையை மட்டும் கொண்டுபோகிறது. வேலையைச் செய்வது ஆயில். அது குறைந்தாலும், கெட்டித்தாலும், நீர்த்தாலும், நுரைத்தாலும் முதலில் தடுமாறுவது இந்த ஏற்பாடுதான். பேரிங் தேய்வதற்கு முன்பே, டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிவதற்கு முன்பே இது காட்டிக்கொடுத்துவிடும். அந்த எச்சரிக்கையை ஒரு பாகத்தின் கோளாறாக மட்டும் படிப்பதால்தான் பணமும் போகிறது, சில நேரம் இன்ஜினும் போகிறது.

விவிடி எதற்கு என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்‌ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். இரண்டையும் செயினோ பெல்ட்டோ இணைக்கிறது. பழைய இன்ஜின்களில் இந்த இணைப்பு மாறவே மாறாது. குறைந்த வேகத்தில் வண்டி நன்றாக இழுக்க ஒரு டைமிங் வேண்டும், அதிக வேகத்தில் முழு சக்தி கிடைக்க வேறொரு டைமிங் வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இரண்டிலும் கொஞ்சம் இழந்தபடி ஓட்டினார்கள். 1980-இல் ஆல்ஃபா ரோமியோ தன் ஸ்பைடர் காரில் இதை மாற்றிக் காட்டியது. 1990-களில் பிஎம்டபிள்யூவின் வானோஸும் டொயோட்டாவின் விவிடி-ஐயும் வந்தன. இன்று சின்ன ஹேட்ச்பேக்குகளின் 1.2 லிட்டர் இன்ஜின்களில்கூட இது சாதாரணம். மைலேஜ், பிக்கப், புகை விதிகள் மூன்றுக்கும் இது தேவைப்படுகிறது.

இதில் முக்கியமான பாகம் ஃபேசர். கேம்ஷாஃப்டின் முனையில், செயின் ஓடும் பற்சக்கரத்துக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது. வெளிக்கூடு செயினோடு சுற்றும். உள்ளே இருக்கும் ரோட்டர் கேம்ஷாஃப்டோடு இறுக்கப்பட்டிருக்கும். ரோட்டருக்குச் சில இறக்கைகள் உண்டு. ஒவ்வோர் இறக்கையின் இரு பக்கத்திலும் ஆயில் அறைகள். ஒரு பக்கத்தில் ஆயிலை ஏற்றி மறுபக்கத்தில் வடியவிட்டால் ரோட்டர் நகரும், அதோடு கேம்ஷாஃப்டும் சில டிகிரி முன்னே போகும். பக்கத்தை மாற்றினால் பின்னே வரும். மண் அள்ளும் ஜேசிபியின் கை சிலிண்டருக்குள் ஏறும் எண்ணெயால் எப்படி உயர்கிறதோ, அதே தத்துவம்தான். ஒரு வேறுபாடு உண்டு. ஜேசிபிக்கு ஹைட்ராலிக் எண்ணெய் தனியாக இருக்கிறது, அதற்கென்று பம்பும் இருக்கிறது. காரில் இந்த வேலைக்குத் தனி எண்ணெய் கிடையாது. பிஸ்டனைக் குளிர்வித்து, பேரிங்கை நனைத்து, கரியையும் பெட்ரோல் ஆவியையும் சுமந்து வரும் அதே ஆயில்தான் இங்கேயும் வந்து தள்ள வேண்டும்.

எந்த அறைக்கு எவ்வளவு ஆயில் என்று தீர்மானிப்பது ஆயில் கன்ட்ரோல் வால்வு. விவிடி சொலினாய்டு என்று கடையில் கேட்டு வாங்குவது இதைத்தான். உள்ளே ஒரு சின்ன ஸ்பூல் முன்னும் பின்னும் நகர்ந்து துளைகளைத் திறந்து மூடுகிறது. ஸ்பூலுக்கும் அதன் உறைக்கும் நடுவில் உள்ள இடைவெளி மைக்ரான் கணக்கில் இருக்கும். பல இன்ஜின்களில் இந்த வால்வுக்கு முன்னால் ஒரு மெல்லிய கம்பிவலை ஃபில்டரும் உண்டு. கேம் ஒரே கோணத்தில் நிற்கும்போதும் இந்த வால்வு ஓய்வெடுப்பதில்லை. இறக்கைகளின் ஓரம் வழியாக ஆயில் எப்போதும் கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும். அதை ஈடுசெய்ய வால்வு தொடர்ந்து சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும். கேம்ஷாஃப்டும் சும்மா இருக்காது. அது இன்ஜின் வால்வைத் திறக்கும்போது வால்வு ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுக்கும், மூடும்போது முன்னுக்குத் தள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை வரும் இந்த ஆட்டத்தைத் தாங்கிப் பிடிப்பது அறைக்குள் இருக்கும் ஆயிலின் அழுத்தம் மட்டுமே. அழுத்தம் போதவில்லை என்றால் இறக்கை அறைச் சுவரில் போய் மோத ஆரம்பிக்கும்.

இன்ஜினை அணைத்தால் அழுத்தம் போய்விடுகிறதே, அப்போது? அதற்காக ஃபேசருக்குள் ஒரு பூட்டு முள் இருக்கிறது. அணையும்போது அது ஒரு குழியில் விழுந்து ரோட்டரையும் கூட்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். மறுநாள் ஸ்டார்ட் செய்து அழுத்தம் ஏறியதும் ஆயிலே அந்த முள்ளைப் பின்னுக்குத் தள்ளித் திறந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு மூன்று விநாடிகள் மட்டும் முன்பக்கத்திலிருந்து கரகரவென்று சத்தம் வந்து நின்றுவிடுகிறது என்றால், முள் சரியாகப் பூட்டவில்லை, குழி தேய்ந்திருக்கிறது, அல்லது ஆயில் வந்து சேரத் தாமதமாகிறது என்று அர்த்தம். ஹோண்டாவின் 2.4 லிட்டர் கே24 இன்ஜின்களில் இந்தக் காலை நேரச் சத்தம் மிகவும் பேசப்பட்ட ஒன்று.

ஆயில் போகும் பாதையையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். கீழே ஆயில் சேம்பரில் இருந்து ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டி வழியாகப் பம்பு உறிஞ்சுகிறது. அங்கிருந்து ஃபில்டர், பிறகு பிளாக்கின் முதன்மைக் குழாய், கிராங்க் பேரிங்குகள், அப்புறம்தான் மேலே ஹெட், அதாவது வால்வுகளும் கேம்ஷாஃப்டும் இருக்கும் மேல்பகுதி. ஹெட்டில் கம்பிவலையைத் தாண்டி, கன்ட்ரோல் வால்வைத் தாண்டி, கேம்ஷாஃப்டின் முன் ஜர்னல் (தண்டு தாங்கியில் உட்காரும் பகுதி) வழியாக ஃபேசருக்குப் போகிறது. பல இன்ஜின்களில் இது ஏறக்குறைய பாதையின் கடைசி முனை. வழியில் எங்கே கசிந்தாலும், எங்கே அடைத்தாலும் பற்றாக்குறை இங்கேதான் தெரியும்.

அப்படியானால் சிவப்பு ஆயில் விளக்கு ஏன் எரியவில்லை? நிறையப் பேர் ஏமாறும் இடம் இது. பெரும்பாலான கார்களில் அந்த விளக்குக்குப் பின்னால் இருப்பது அழுத்தத்தை அளக்கும் சென்சார் அல்ல, ஓர் எளிய ஸ்விட்ச். அழுத்தம் பொதுவாக 4 முதல் 10 பிஎஸ்ஐ வரையிலான ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால்தான் அது விளக்கைப் போடும். பேரிங் பிழைப்பதற்கே தத்தளிக்கும் நிலை அது. ஃபேசர் தன் வேலையைச் செய்ய அதைவிட நல்ல அழுத்தம் வேண்டும். 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. அதன்படி பார்த்தாலும், விளக்கு எரியாத நிலைக்கும் விவிடி ஒழுங்காக இயங்கும் நிலைக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் மாதக்கணக்கில் ஓடும் வண்டிகள் ஏராளம்.

சரி, ஆயிலில் என்னென்ன கோளாறு வரும்? எளிமையானது அளவு. டிப் ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருப்பது பல கார்களில் ஏறக்குறைய 1 லிட்டர். சின்ன இன்ஜினுக்கு மொத்தமே மூன்று, மூன்றரை லிட்டர்தான் பிடிக்கும் என்றால், கீழ்க்கோட்டுக்கும் கீழே போவது பெரிய இழப்பு. அந்த நிலையில் வளைவிலோ சடன் பிரேக்கிலோ ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, பம்பு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். ஆயிலை அமுக்கினால் சுருங்காது, காற்று சுருங்கும். ஃபேசரின் அறையில் குமிழ் கலந்த ஆயில் இருந்தால் அது இறக்கையைத் தாங்குவதற்குப் பதிலாக நசுங்கி வழிவிடும். கேம் கோணம் அலைபாயும். அதிகமாக ஊற்றினாலும் இதே முடிவுதான்: கிராங்க்‌ஷாஃப்டின் எடைகள் ஆயிலைத் தொட்டு அடித்து நுரைக்க வைக்கும். சர்வீஸில் ‘இருக்கட்டும்’ என்று அரை லிட்டர் கூடுதலாக ஊற்றுவது எந்த வகையிலும் நன்மை அல்ல.

அடுத்தது கிரேடு. நம் ஊரில் அதிகம் தவறு நடப்பது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 5டபிள்யூ-30 என்பதில் கடைசி எண், இன்ஜின் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் குறிக்கிறது. வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்ஏஇ வகுத்த அளவின்படி 100 டிகிரி செல்சியஸில் 20 கிரேடு ஆயிலின் பிசுபிசுப்பு 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ் வரை. 30 கிரேடு 9.3 முதல் 12.5 வரை. 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரை. 50 கிரேடு 16.3-இல் தொடங்கி 21.9 வரை போகும். 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால், முழுச் சூட்டிலும் ஆயில் ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டியாக இருக்கும். குளிர்ந்த இன்ஜினில் வேறுபாடு இன்னும் பல மடங்கு.

‘நம்ம வெயிலுக்குத் திக்கான ஆயில்தான் சரி’ என்பது பழைய கார்பரேட்டர் காலத்து நம்பிக்கை. கூலன்ட்டும் தெர்மோஸ்டாட்டும் இருக்கும் இன்ஜினில், உள்ளே ஆயிலின் சூடு சென்னைக்கும் ஸ்வீடனுக்கும் நடுவில் நாம் நினைக்கும் அளவுக்கு மாறுவதில்லை. கெட்டியான ஆயிலை ஊற்றினால் பிரஷர் கேஜில் எண் உயரும், உண்மைதான். ஆனால் ஃபேசருக்கு அழுத்தம் மட்டும் போதாது. சின்னத் துளைகள் வழியே ஆயில் வேகமாக உள்ளே போகவும் வேண்டும், மறுபக்கத்தில் இருப்பது வேகமாக வடியவும் வேண்டும். கெட்டியான ஆயில் இரண்டையும் தாமதப்படுத்தும். கம்ப்யூட்டர் ‘20 டிகிரி போ’ என்று சொல்லி, குறிப்பிட்ட நேரத்துக்குள் கேம் அங்கே வந்துவிட்டதா என்று சென்சாரைப் பார்க்கிறது. வரவில்லை என்றால் பிழைக் கோடைப் பதிவுசெய்கிறது. பாகங்கள் எல்லாம் நல்ல நிலையில் இருக்கும், கேனில் இருந்த ஆயில்தான் தவறு. ஆயில் மாற்றிய சில நாளிலேயே விவிடி கோடு வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, என்ன கிரேடு ஊற்றினார்கள் என்பதுதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆயில் நீர்த்துப்போவது. தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடி அணையும் வண்டியில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கிறது. ஆவியாகி வெளியேறும் சூடும் கிடைப்பதில்லை. நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ இன்ஜின்களில் இது இன்னும் அதிகம். 2018-இல் ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போ பொருத்திய சிஆர்-வி கார்களில், சீனாவின் குளிர்ப் பகுதிகளில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போனது பெரிய சர்ச்சையானது. டிப் ஸ்டிக்கில் ஆயில் கூடியிருந்து பெட்ரோல் வாசம் அடித்தால் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை. அந்த ஆயில் தன் கிரேடை இழந்துவிட்டது. சூடான ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) அழுத்தம் சரியும்.

அழுக்கு இந்த மூன்றையும்விட மெதுவாக வரும், ஆழமாகக் கெடுக்கும். மாற்றாமல் விட்ட ஆயில் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து, கரியும் ஈரமும் கலந்து, கறுப்பான குழம்பாக ஹெட்டுக்குள் படிகிறது. டொயோட்டாவுக்கே இதில் கசப்பான அனுபவம் உண்டு. 1997 முதல் 2002 வரையிலான அதன் சில நான்கு சிலிண்டர், வி6 இன்ஜின்களில் ஆயில் உறைந்து குழம்பாகிறது என்ற புகார்கள் அமெரிக்காவில் குவிந்து, உத்தரவாதத்தைத் தாண்டியும் பழுதுபார்க்கும் தனித் திட்டத்தை அந்த நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது. குழம்பு முதலில் அடைப்பது மிகச் சின்ன வழிகளைத்தான்: கன்ட்ரோல் வால்வின் கம்பிவலை, ஸ்பூலின் இடைவெளி, பூட்டு முள்ளின் துளை. ஸ்பூல் ஒரு பக்கமாகச் சிக்கிக்கொண்டால் கேம் அங்கேயே நின்றுவிடும். இன்டேக் கேம் முன்னால் சிக்கினால், ஐடிலிங்கில் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் காலம் நீண்டு, எரிந்த புகை திரும்ப உள்ளே வரும். வண்டி உதறும், சிக்னலில் நின்றால் அணையும். பின்னால் சிக்கினால் அணையாது, ஆனால் கீழ் வேகத்தில் இழுக்காது. இரண்டாவது கியரில் ஏற வேண்டிய மேட்டுக்கு முதல் கியர் கேட்கும்.

அழுக்கு வெளியிலிருந்தும் வரும். வால்வு கவரையோ சேம்பரையோ பொருத்தும்போது கேஸ்கெட் பசையைத் தாராளமாகப் பூசினால், உள்பக்கம் பிதுங்கிய துண்டுகள் நாளடைவில் பிய்ந்து ஸ்ட்ரெய்னரில் போய் ஒட்டும். ஃபில்டருக்கும் இதில் பங்கு உண்டு. பக்கவாட்டிலோ தலைகீழாகவோ நிற்கும் ஃபில்டர்களில், இன்ஜின் அணைந்தபின் ஆயில் வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு இருக்கும். மலிவான ஃபில்டரில் அது சீக்கிரம் விறைத்துப்போகும். காலையில் ஆயில் மறுபடி மேலே ஏறி வரும்வரை ஃபேசர் வறண்டு ஓடும்.

இவை எல்லாம் ஒரே இன்ஜினில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபோர்டின் 5.4 லிட்டர் வி8 சிறந்த பாடம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் மூன்று வால்வு கொண்ட இந்த ட்ரைட்டன் இன்ஜின் 2004 மாடல் எஃப்-150 பிக்கப் லாரியில் அமெரிக்காவில் அறிமுகமானது. எக்ஸ்பெடிஷன், லிங்கன் நேவிகேட்டர் வண்டிகளிலும் வந்தது. ஒவ்வொரு ஹெட்டிலும் ஒரே கேம்ஷாஃப்ட், அதன் முனையில் ஒரு ஃபேசர். நாளடைவில் உரிமையாளர்கள் சொன்ன புகார் ஒரே மாதிரி இருந்தது. காலையில் வண்டி அமைதியாக இருக்கும். நன்றாகச் சூடேறி, சிக்னலில் நின்று ஐடிலிங்கில் இருக்கும்போது முன்பக்கத்திலிருந்து ‘டக் டக்’ என்று தட்டும் சத்தம் வரும். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் மறைந்துவிடும்.

சத்தம் ஃபேசரில் இருந்து வந்தது. அதனால் பலர் ஃபேசரை மாற்றினார்கள், சில காலம் கழித்துச் சத்தம் திரும்பியது. காரணம் பாதையில் முன்னதாகவே இருந்தது. பம்பு கிராங்க்‌ஷாஃப்டோடு சுற்றுவதால் ஐடிலிங்கில் அது அனுப்பும் அளவு மிகக் குறைவு. இன்ஜினுக்குப் பரிந்துரைக்கப்பட்ட 5டபிள்யூ-20 ஆயில் முழுச் சூட்டில் மெல்லியதாக இருந்தது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்களும் அதே ஆயில் அழுத்தத்தில்தான் இயங்கின. அவற்றின் பிளாஸ்டிக் உடலுக்குப் பின்னால் இருந்த சீல் பிய்ந்துபோனால் ஆயில் அங்கேயே கொட்டிவிடும், ஃபேசர் வரை அழுத்தம் போகாது. கேம்ஷாஃப்ட்கள் தனி பேரிங் இல்லாமல் அலுமினிய ஹெட்டிலேயே நேராகச் சுற்றியதால், ஜர்னல் தேயத் தேய அங்கும் கசிவு கூடியது. ஆயில் மாற்றும் இடைவெளியை நீட்டியவர்களின் வண்டியில் சொலினாய்டின் வலையும் அடைத்தது. இத்தனை கசிவையும் ஓர் ஐடிலிங் பம்பு ஈடுகட்ட முடியவில்லை. பிடிமானம் இல்லாமல் ஃபேசரின் இறக்கை ஆடியது, பூட்டு முள்ளின் குழி முட்டை வடிவமாகத் தேய்ந்தது. அதற்குப் பிறகு நல்ல அழுத்தம் கொடுத்தாலும் அந்த ஃபேசர் தேறாது.

இந்த இன்ஜினைப் புரிந்துகொண்ட மெக்கானிக்குகள் பின்பற்றிய வழி வேறு. ஃபேசரோடு சேர்த்து டென்ஷனர்களை வார்ப்பிரும்பு உடல் கொண்டவையாக மாற்றினார்கள், அதிக அளவு அனுப்பும் பம்பைப் பொருத்தினார்கள், சொலினாய்டுகளைப் புதிதாகப் போட்டார்கள். வேறு சிலர் ஃபேசரை நகராமல் பூட்டும் கட்டைகளைப் பொருத்தி, கம்ப்யூட்டரில் விவிடியையே அணைத்துவிட்டார்கள். 5டபிள்யூ-30-க்கு மாறிச் சத்தம் குறைந்ததாகச் சொன்னவர்களும் உண்டு. அது நடக்கக்கூடியதுதான், கொஞ்சம் கெட்டியான ஆயில் தேய்ந்த இடைவெளிகளில் மெதுவாகக் கசியும். ஆனால் என் பார்வையில் அது கசிவை மறைக்கிறதே தவிர அடைப்பதில்லை. பிய்ந்த சீல் பிய்ந்தபடியே இருக்கும். ஃபோர்டு 2011-இல் மஸ்டாங்குக்குக் கொண்டுவந்த 5.0 லிட்டர் இன்ஜினில் வேறு வகை ஃபேசரைப் பயன்படுத்தியது கவனிக்க வேண்டியது. அதில் கேம்ஷாஃப்டின் முன்பின் ஆட்டத்தையே சக்தியாக எடுத்துக்கொண்டு ஆயிலை ஓர் அறையிலிருந்து மறு அறைக்கு மாற்றுவார்கள். பம்பின் அழுத்தம் கசிவை ஈடுகட்ட மட்டும் போதும்.

ஆயில் விவிடியைக் கெடுப்பது மட்டுமல்ல, விவிடிக்குப் போகும் குழாயே ஆயிலைக் காலி செய்ததும் நடந்திருக்கிறது. டொயோட்டாவின் 3.5 லிட்டர் 2ஜிஆர்-எஃப்இ வி6 இன்ஜின், கேம்ரி முதல் லெக்ஸஸ் ஆர்எக்ஸ் 350 வரை பல கார்களில் ஓடியது. ஒரு பக்க ஹெட்டின் விவிடி-ஐக்கு ஆயில் கொண்டுபோகும் வெளிக்குழாயின் நடுவில் ஒரு ரப்பர் துண்டு இருந்தது. சூட்டில் அது வெடித்தால் ஆயில் முழுவதும் சாலையில் போய்விடும். அமெரிக்காவில் டொயோட்டா அதை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. பின்னாளில் குழாய் முழுக்க உலோகமாக வந்தது.

வால்வு இயக்கத்தை மாற்றும் வேறு ஏற்பாடுகளும் ஆயிலைத்தான் நம்புகின்றன. ஹோண்டாவின் விடெக் கேம் கோணத்தை மாற்றுவதில்லை. ஆயில் அழுத்தத்தால் ஒரு முள்ளைத் தள்ளி, வால்வை அழுத்தும் ராக்கர் கைகளைச் சேர்த்துப் பூட்டி, வேறொரு கேம் வடிவத்துக்கு மாறுகிறது. 1989-இல் இன்டெக்ராவில் வந்தது முதல் இதுதான் அடிப்படை. ஆயில் மட்டம் குறைந்தாலே விடெக் கோடு வருவதை ஹோண்டா மெக்கானிக்குகள் நன்கு அறிவார்கள். ஃபியட்டின் மல்டிஏர் இன்னும் ஒரு படி மேலே. 2009-இல் ஆல்ஃபா ரோமியோ மிட்டோவில் தொடங்கி, 2017-இல் ஜீப் காம்பஸ் பெட்ரோல் வழியாக நம் சாலைகளுக்கும் வந்தது. அதில் கேமுக்கும் இன்டேக் வால்வுக்கும் நடுவில் இருப்பதே ஓர் ஆயில் தூண்தான். கேம் ஆயிலை அமுக்க, ஆயில் வால்வைத் திறக்கிறது. அந்தத் தூணில் காற்று கலந்தால் வால்வு முழுதாகத் திறக்காது, அந்த சிலிண்டர் மிஸ்ஸாகும். இப்படிப்பட்ட இன்ஜினில் ஆயிலின் தரத்திலோ மாற்றும் இடைவெளியிலோ சிக்கனம் பார்ப்பது மிகத் தவறான இடத்தில் பார்க்கும் சிக்கனம்.

இனி, கோடு வந்த வண்டியை எப்படி அணுகுவது? டிப் ஸ்டிக்கில் மட்டம், நிறம், வாசம். கடைசியாக எப்போது மாற்றியது, என்ன கிரேடு, கையேடு என்ன கேட்கிறது. இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஆயில் கெட்டிருந்தால் சரியான கிரேடும் நல்ல ஃபில்டரும் போட்டு, கோடை அழித்து ஓட்டிப் பார்க்கலாம். குழம்பு படிந்த இன்ஜினில் கடுமையான ஃபிளஷ் ரசாயனத்தை ஊற்றி ஒரே நாளில் சுத்தம் செய்யப் பார்ப்பது ஆபத்து. பிய்ந்து வரும் கட்டிகள் நேராக ஸ்ட்ரெய்னரையும் வால்வின் வலையையும்தான் அடைக்கும். சீக்கிரம் சீக்கிரமாக இரண்டு மூன்று முறை ஆயில் மாற்றுவது மெதுவான வழி, ஆனால் பாதுகாப்பானது.

கோடு எப்போது வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சூடான ஐடிலிங்கில் மட்டும் என்றால் அழுத்தக் குறைவைச் சந்தேகிக்கலாம்: நீர்த்த ஆயில், தேய்ந்த பம்பு, எங்கோ ஒரு கசிவு. காலைக் குளிரில் மட்டும் என்றால் கெட்டியான ஆயில் அல்லது பூட்டு முள். வி6 இன்ஜினில் இரண்டு பக்கமும் சேர்ந்து கோடு வந்தால், இரண்டு சொலினாய்டும் ஒரே நாளில் கெட்டிருக்கும் என்று நினைப்பதைவிட, இரண்டுக்கும் பொதுவான ஆயிலைப் பார்ப்பதுதான் அறிவு. ஒரு பக்கம் மட்டும் வந்தால், இரண்டு பக்க வால்வுகளும் ஒரே பாகமாக இருக்கும் இன்ஜினில் அவற்றை இடம் மாற்றிப் பார்க்கலாம். பி0011 மறைந்து, மறுபக்கத்தைக் குறிக்கும் பி0021 வந்தால் வால்வுதான் குற்றவாளி. கோடு அதே பக்கத்தில் நின்றால் பிரச்சினை ஹெட்டின் பாதையிலோ ஃபேசரிலோ இருக்கிறது.

வால்வைக் கழற்றியதும் வலையைப் பாருங்கள். உலோகத் துகள் இருந்தால் செய்தி நல்லதல்ல. மல்டிமீட்டரில் சுருளின் மின்தடையை அளக்கலாம். டொயோட்டாவின் பல இன்ஜின்களில் 20 டிகிரியில் 6.9 முதல் 7.9 ஓம் வரை இருக்க வேண்டும். இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சூடான இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது இன்டேக் பக்கக் கன்ட்ரோல் வால்வின் கனெக்டரைக் கழற்றி, அதற்கு நேரடியாக பேட்டரி மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் கொடுப்பது. இன்ஜின் உதற வேண்டும், அல்லது அணைய வேண்டும். அப்படி நடந்தால் வால்வு நகர்கிறது, ஆயில் போகிறது, ஃபேசர் திரும்புகிறது என்று மூன்றும் ஒரே நொடியில் நிரூபணமாகிவிடும். எதுவுமே மாறவில்லை என்றால் இந்த மூன்றில் ஒன்று வேலை செய்யவில்லை. அடுத்து ஆயில் ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் மெக்கானிக்கல் பிரஷர் கேஜைத் திருகி, முழுச் சூட்டில் ஐடிலிங்கிலும் 2,000 ஆர்பிஎம்மிலும் கையேட்டின் அளவோடு ஒப்பிட வேண்டும். ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் கேட்ட கோணமும் கிடைத்த கோணமும் பக்கம் பக்கமாக வரும். கேட்டதைவிடக் கிடைத்தது எவ்வளவு பிந்துகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஃபேசருக்குப் போக வேண்டும். பி0016 வந்தால் மட்டும் கதை வேறு. கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்ற அந்தக் கோடு, நீண்டுபோன செயினையோ பல் தாண்டியதையோ குறிக்கலாம். அந்த நிலையில் வண்டியை ஓட்டிப் பார்ப்பது சரியல்ல. செயின் நீள்வதற்கும் அழுக்கு ஆயில் ஒரு காரணம் என்பதை மறக்க வேண்டாம்.

தயாரிப்பாளர்கள் இந்த ஆயில் சார்பை அறியாதவர்கள் அல்ல. 2006-இல் லெக்ஸஸ் எல்எஸ் 460-இல் டொயோட்டா இன்டேக் கேமைத் திருப்ப மின் மோட்டாரைப் பொருத்தியது. குளிர்ந்த இன்ஜினிலும், அழுத்தம் குறைந்த ஐடிலிங்கிலும், ஏன், ஸ்டார்ட் ஆகும்போதேகூட கேமை வேண்டிய கோணத்தில் வைக்க முடிந்தது. எக்ஸாஸ்ட் பக்கத்தை மட்டும் ஆயிலுக்கே விட்டார்கள். மின் ஃபேசர் இன்று வேறு பல இன்ஜின்களிலும் வருகிறது. விலை அதிகம் என்பதால் சின்ன கார்களில் ஆயில் ஃபேசரே இன்னும் தொடர்கிறது. மின் மோட்டார் இருக்கும் இன்ஜினிலும் செயின் டென்ஷனரும் கேம் ஜர்னலும் அதே சேம்பர் ஆயிலை நம்பித்தான் ஓடுகின்றன.